கரையோரச் சேற்றைக் கலைக்காதிருப்பதே முதல் வேலை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கடல்வாழ் உயிர்களின் துணையோடு வளிமண்டலத்தில் மிகுந்துவிட்ட கரியமில வாயுவை அகற்ற முடியும் என்று விளக்கித் தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த கட்டுரையை ஊன்றிப் படித்தேன். பொது வாசகருக்கு எளிதில் எட்டாத ஒரு பொருளைத் தெளிந்த நடையில் கொண்டுசேர்த்தமைக்கு முதற்கண் நன்றி. ஆயினும் அலையாத்திக் காடு வளர்ப்பது, கடற்புல் வெளிகளை மீட்பது, கடற்பாசியைப் பயிரிட்டு ஆழ்கடலில் மூழ்கடிப்பது, பெருங்கடலில் இரும்புச் சத்தைத் தூவுவது ஆகிய நான்கையும் அக்கட்டுரை ஒரே வரிசையில் நிறுத்தி, எதைச் செய்தாலும் ஏறத்தாழ ஒரே பலன் கிடைக்கும் என்ற எண்ணத்தை விட்டுச்சென்றது. கல்லூரியில் கடல் உயிரியல் கற்பித்தவன் என்ற முறையில் இதற்கு மறுமொழி எழுதாமல் இருக்க முடியவில்லை. கரையோரச் சேற்றில் நூற்றாண்டுக்கணக்கில் சேர்ந்து கிடக்கும் கார்பனைக் கலையாமல் காப்பதே முதல் வேலை. அழிந்துபோன இடங்களை முறைப்படி மீட்பது அதற்கு அடுத்தது. திறந்த கடலில் புதிதாக எதையேனும் செய்து காற்றைத் தூய்மையாக்கும் திட்டங்கள் மெய்ப்பிக்கப்படும்வரை ஆய்வுக்கூடத்தோடும் ஆய்வுக் கப்பலோடும் நிற்க வேண்டியவை. இந்த வரிசை மாறினால் பணமும் காலமும் வீணாவதோடு, கடலுக்கும் கேடு விளையும் என்பதால்தான் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

நாம் வெளியிடும் கரியமில வாயுவைக் கடல் ஏற்கெனவே வாங்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஆண்டுதோறும் மனிதர் வெளியிடுவதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கடலுக்குள் போகிறது. கடல்நீரில் கரைந்திருக்கும் கார்பன் சுமார் 38 லட்சம் கோடி டன் என்பது மதிப்பீடு. வளிமண்டலத்தில் உள்ளதைப்போல் இது 40 மடங்குக்கும் மேல். ஆனால் இப்போது கூடுதலாகக் கடலுக்குள் போகும் அந்தக் கால் பங்கு பெரும்பாலும் உயிர்களின் உழைப்பால் போவதன்று. காற்றில் வாயுவின் செறிவு ஏறும்போது நீரிலும் கூடுதலாகக் கரையும் என்ற வேதியியல் விதியால் போவது. அதன் விளைவு நீரிலேயே தெரிகிறது. தொழிற்புரட்சிக்கு முன் 8.2 அளவில் இருந்த மேற்பரப்பு நீரின் கார அமில எண் இன்று 8.1 அளவுக்கு இறங்கியிருக்கிறது. பார்வைக்கு அற்பமாகத் தோன்றும் இந்த மாற்றம், அளவுகோல் மடக்கை முறையில் அமைந்தது என்பதால், நீருக்கு அமிலத்தன்மை தரும் ஹைட்ரஜன் அயனிகளின் செறிவு சுமார் 30 விழுக்காடு கூடிவிட்டதைக் குறிக்கிறது. சிப்பிகளும் பவளங்களும் தம் சுண்ணாம்புக் கூட்டைக் கட்டிக்கொள்வது இதனால் மேன்மேலும் கடினமாகிறது. ஏற்கெனவே இவ்வளவு சுமையைத் தாங்கிவரும் கடலிடம் இன்னும் கொஞ்சம் சுமக்கச் சொல்லும் முன், எந்த வழியாக, எந்த இடத்தில், எவ்வளவு காலத்துக்கு என்பதையெல்லாம் கேட்டாக வேண்டும்.

உயிர்கள் செய்யும் வேலை இதிலிருந்து வேறுபட்டது. கண்ணுக்குத் தெரியாத தாவர மிதவை உயிரிகள் ஒளிச்சேர்க்கை மூலம் ஆண்டுக்குச் சுமார் 5,000 கோடி டன் கார்பனைத் தம் உடலாக மாற்றுகின்றன. உலகத் தாவர உற்பத்தியில் ஏறத்தாழ பாதி இவற்றுடையது. இந்த எண்ணைக் கேட்டதும் கடலே பெரியதொரு காற்றுச் சுத்திகரிப்பு நிலையம் என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் இந்த நுண்ணுயிரிகள் சில நாட்களே வாழ்கின்றன. பெரும்பாலானவற்றை மேல்மட்ட நீரிலேயே சிறு விலங்குகள் தின்று, மூச்சாக வெளியேற்றி, அதே நீருக்கே கரியமில வாயுவைத் திருப்பித் தருகின்றன. மிச்சமுள்ள ஒரு பகுதி, இறந்த செல்களாகவும் கழிவுத் துணுக்குகளாகவும் கீழே இறங்குகிறது. இறங்கும் வழியிலும் பாக்டீரியாக்கள் அதைச் சிதைத்துக்கொண்டே வருவதால், 1,000 மீட்டர் ஆழத்தை எட்டுவது சிறு பங்கே. கடலடியில் நிலையாகப் புதைவது மொத்த உற்பத்தியில் 1 விழுக்காட்டுக்கும் குறைவு. ஓர் உயிரி எவ்வளவு கார்பனை உறிஞ்சுகிறது என்ற எண் செய்திகளில் அடிக்கடி வருகிறது. அதில் எவ்வளவு தங்குகிறது என்ற எண்தான் கேட்டுப் பெற வேண்டியது.

தங்கும் இடம் என்று பார்த்தால் அலையாத்திக் காடு, கடற்புல் வெளி, உவர்ச் சதுப்பு நிலம் ஆகிய மூன்றும் தனித்து நிற்கின்றன. அலையாத்திக் காட்டில் நீர் வற்றிய நேரத்தில், பாதி திறந்த குழாய் வடிவிலான மண் எடுக்கும் கருவியைச் சேற்றுக்குள் அழுத்தித் திருகி மேலே எடுத்துப் பார்த்தவர்களுக்கு இதன் காரணம் கண்முன்னே தெரியும். மேலே விரல் கனத்துக்குப் பழுப்பு நிறம். அதன்கீழ் உடனே கருஞ்சாம்பல் நிறமும் அழுகிய முட்டை நாற்றமும். ஒரு மீட்டர் ஆழத்திலிருந்து வரும் சேற்றில்கூட நார்நாராக வேர்த்துண்டுகள் மட்காமல் கிடக்கும். விரலால் பிரித்தால் வேரின் தோல் தனியாகக் கழன்று வரும். நீர் ஊறிய சேற்றில் ஆக்சிஜன் சில மில்லிமீட்டர் ஆழத்திலேயே தீர்ந்துபோவதால் சிதைவு மிக மெல்ல நடக்கிறது. கடல்நீரில் சல்பேட் நிறைந்திருப்பதால் அதைப் பயன்படுத்தும் பாக்டீரியாக்களின் கை ஓங்கி, நன்னீர்ச் சதுப்புகளைப்போல் மீத்தேன் மிகுதியாக உண்டாவதில்லை. உண்டாகவே செய்யாது என்று சொல்ல வரவில்லை. அலையாத்திச் சேற்றிலிருந்து வெளியேறும் மீத்தேன், புதையும் கார்பனால் கிடைக்கும் நன்மையில் சராசரியாக ஐந்தில் ஒரு பங்கை ஈடுகட்டிவிடுகிறது என்று 2018இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. அதைக் கழித்த பிறகும் எஞ்சுவது பெரிதுதான்.

எவ்வளவு பெரிது என்பதற்கு ஒரு சான்று போதும். இந்திய, பசிபிக் பெருங்கடல் பகுதிகளின் அலையாத்திக் காடுகளை அளந்து 2011இல் வெளியிடப்பட்ட ஆய்வு, ஒரு ஹெக்டேரில் சராசரியாக 1,023 டன் கார்பன் இருப்பதாகக் கண்டது. பெரும்பாலான நிலக் காடுகளில் இருப்பதைவிட இது பன்மடங்கு. ஆற்று முகத்துவாரக் காடுகளிலும் கடலோரக் காடுகளிலும் அந்தக் கார்பனில் 49 முதல் 98 விழுக்காடு வரை மரத்தில் இல்லை, மண்ணில் இருந்தது. நாம் படம் எடுப்பதும் எண்ணுவதும் மரங்களை. சரக்கு இருப்பதோ காலடியில். கடற்புல்லிலும் இதே கதைதான். கடலடிப் பரப்பில் 0.2 விழுக்காட்டுக்கும் குறைவாகவே பரவியிருக்கும் இந்தச் செடிகள், கடலில் ஆண்டுதோறும் புதையும் கரிமப் பொருளில் ஏறத்தாழ 10 விழுக்காட்டுக்குக் காரணமாகின்றன என்று மதிப்பிடப்பட்டுள்ளது. மத்தியதரைக் கடலின் பொசிடோனியா என்னும் கடற்புல், வேரும் தண்டும் மணலும் பின்னிய மெத்தைகளைப் பல மீட்டர் உயரத்துக்குக் கட்டி வைத்திருக்கிறது. அவற்றின் அடிப்பகுதி பல்லாயிரம் ஆண்டுப் பழமையுடையது. நிலக் காடு முதிர்ந்ததும் அதன் மண் சேர்க்கும் வேகம் தளர்ந்துவிடும். கடலோரச் சேறோ கடல்மட்டம் மெல்ல உயர உயரத் தானும் உயர்ந்து, புதிய வண்டலை மேலே போர்த்திக்கொண்டே போகிறது. இப்படியொரு சேமிப்பை மனிதர் எந்தச் செலவில் உருவாக்க நினைத்தாலும் நம் வாழ்நாளுக்குள் முடியாது.

ஆகவேதான் காப்பதை முதலில் வைக்கிறேன். கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் இறால் பண்ணைகளுக்காக அலையாத்திக் காடுகள் பெருமளவில் அழிக்கப்பட்டபோது, மரங்கள் போனதை உலகம் பார்த்தது; குளம் வெட்டித் தோண்டியெடுத்த சேறு வெயிலிலும் காற்றிலும் காய்ந்து, அதில் நூற்றாண்டுகளாக அடைந்து கிடந்த கார்பன் ஆக்சிஜனோடு சேர்ந்து மீண்டும் காற்றுக்கே போனதை யாரும் கணக்கில் எழுதவில்லை. கடற்புல் வெளிகளின் இழப்பு இன்னும் ஓசையற்றது. மேலைநாடுகளின் பதிவுகள் தொடங்கும் 1879 முதல் தெரிந்த பரப்பில் 29 விழுக்காடு அழிந்துவிட்டதாக 2009இல் வெளிவந்த தொகுப்பாய்வு கூறியது. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவில் 2010-11 கோடையில் கடல் வெப்ப அலை தாக்கியபோது அங்குள்ள கடற்புல்லில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சேதமடைந்தது. அடுத்த 3 ஆண்டுகளில் அந்த ஒரு விரிகுடாவிலிருந்து 20 லட்சம் முதல் 90 லட்சம் டன் வரை கரியமில வாயு வெளியேறியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். வெட்டியவர் எவரும் இல்லை. வெப்பம் மட்டுமே போதுமானதாக இருந்தது. அடியில் ஓட்டை இருக்கும் பானைக்கு மேலிருந்து எவ்வளவு நீர் ஊற்றினாலும் நிறையாது. இருக்கும் வெளிகளை இழந்துகொண்டே புதிய கன்றுகளை நடும் திட்டங்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த எண்ணம்தான் வருகிறது.

மீட்பதைப் பற்றி நம்பிக்கையோடு பேசவும் காரணம் இருக்கிறது. அமெரிக்காவின் வர்ஜீனியா கடலோரக் காயல்களில் இருந்த கடற்புல், 1930களில் பரவிய நோயாலும் 1933இல் வீசிய சூறாவளியாலும் அடியோடு மறைந்தது. எழுபது ஆண்டுகளாக அந்தக் காயல்களின் அடித்தளம் வெறும் சேறாகவே கிடந்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ஆய்வாளர்களும் தன்னார்வலர்களும் அருகிலுள்ள வெளிகளிலிருந்து விதைக் கதிர்களைக் கையால் பறித்து, தொட்டிகளில் முதிரவைத்து, இலையுதிர் காலத்தில் படகிலிருந்து தூவிவந்தார்கள். மொத்தம் 7 கோடிக்கும் மேற்பட்ட விதைகள். இன்று அங்கே சுமார் 3,600 ஹெக்டேர் கடற்புல் நிற்கிறது. விதைத்த பரப்பைப் பன்மடங்கு தாண்டித் தானாகவே பரவியது அது. நீர் தெளிந்தது, மீன் பெருகியது, சேற்றில் கார்பன் சேரத் தொடங்கியது. இந்த வெற்றிக்குக் காரணம் விதைகளின் எண்ணிக்கை மட்டும் இல்லை. நோய் ஓய்ந்திருந்தது, அக்காயல்களின் நீர் ஒளி ஊடுருவும் அளவுக்குத் தெளிவாக இருந்தது, விதை மட்டுமே வந்துசேராமல் இருந்தது என்பதைச் சரியாகக் கண்டறிந்த பிறகே வேலை தொடங்கியது.

இதற்கு நேர்மாறான அனுபவத்தை 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையில் நடந்த அலையாத்தி நடவுகளில் காணலாம். ஏறத்தாழ 1,000 முதல் 1,200 ஹெக்டேர் வரை நடப்பட்டதில், பின்னர் 23 இடங்களை ஆராய்ந்தவர்கள் 200 ஹெக்டேரை ஒட்டிய பரப்பில்தான் கன்றுகள் பிழைத்திருப்பதைக் கண்டார்கள். 9 இடங்களில் ஒரு செடிகூட உயிரோடு இல்லை. நல்லெண்ணத்துக்கோ உழைப்புக்கோ அங்கே குறைவிருக்கவில்லை. ஒவ்வோர் அலையாத்தி இனமும் நாளுக்கு எத்தனை மணி நேரம் நீரில் மூழ்கியிருக்கும், எவ்வளவு உப்பைத் தாங்கும் என்பதில் தனித்தனி எல்லை உடையது. எளிதாகக் கிடைக்கும் நீண்ட காய்களைக் கொண்டுவந்து, யாரும் உரிமை கொண்டாடாத தாழ்ந்த சேற்றுத் திட்டுகளில் குத்திவைத்தால், பிழைக்கும் எல்லைக்கு வெளியேதான் அவற்றை வைக்கிறோம். சில நாடுகளில் இப்படி நட்டது நல்ல கடற்புல் வெளியின் மீதே என்பது இன்னும் வருத்தமான செய்தி. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பணியாற்றிய ராபின் லூயிஸ் என்ற சூழலியலாளர் பல்லாண்டுகளாக வலியுறுத்திய வழி வேறு: காடு ஏன் தானாக வரவில்லை என்று முதலில் பார்க்க வேண்டும், அடைபட்ட கால்வாயைத் திறந்து, கரையை உடைத்து, ஓதநீர் வந்துபோகும் மட்டத்தைச் சரிசெய்துவிட்டால், பெரும்பாலான இடங்களில் விதைகளை நீரே கொண்டுவந்து சேர்த்துவிடும். இந்த வேலையில் நடவு விழா இல்லை, படமெடுக்க வரிசையில் நிற்கும் கன்றுகள் இல்லை. அதனாலேயே இதற்கு நிதி கிடைப்பது அரிதாகிறது என்பதை வேதனையோடு குறிப்பிடுகிறேன்.

கரையோர மக்களை விலக்கிவைத்து இந்தக் காப்பு வேலை எதுவும் நிலைக்காது. கென்யாவின் காசி விரிகுடாவில் 2013 முதல் நடந்துவரும் மிகோகோ பமோஜா திட்டம் 117 ஹெக்டேர் அலையாத்திக் காட்டைக் காத்து, ஆண்டுக்குச் சுமார் 3,000 டன் கரியமில வாயுவுக்குரிய கார்பன் வரவை, அதாவது காற்றில் சேராமல் தடுத்த வாயுவுக்கு ஈடான சான்றை, விற்று, அந்தப் பணத்தைக் குடிநீருக்கும் பள்ளிகளுக்கும் ஊராரின் முடிவுப்படியே செலவிடுகிறது. உலகில் அலையாத்தியை முன்வைத்து ஊர் மக்களே நடத்திய முதல் கார்பன் திட்டம் அதுதான். அதன் அளவையும் பாருங்கள். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றை எரிப்பதாலும் சிமென்ட் உற்பத்தியாலும் உலகம் ஆண்டுக்குச் சுமார் 3,700 கோடி டன் கரியமில வாயுவை வெளியிடுகிறது. ஐ.நா.வின் காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டுக் குழு 2019இல் வெளியிட்ட பெருங்கடல் பற்றிய சிறப்பறிக்கை, கடலோரத் தாவரச் சூழல்களை மீட்பதால் கிடைக்கும் கூடுதல் உறிஞ்சல் உலகின் அன்றைய ஆண்டு வெளியீட்டில் ஏறத்தாழ 0.5 விழுக்காடு என்று மதிப்பிட்டது. தங்கள் கட்டுரையில் இடம்பெற்றிருக்க வேண்டிய எண் இது. அரை விழுக்காடு என்பதால் இவ்வேலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. புயலைத் தடுக்கவும் மீன் குஞ்சுகள் வளரவும் கரை அரிக்காமல் இருக்கவும் இக்காடுகள் வேண்டும். மீதி 99.5 விழுக்காட்டுக்குக் கடலைக் காட்டித் தப்பிக்க முடியாது என்பதற்காகவே சொல்கிறேன்.

இந்தச் சிறிய எண்ணால் ஏமாற்றமடைந்தவர்கள்தான் திறந்த கடலை நோக்கித் திரும்புகிறார்கள். தெற்குப் பெருங்கடல் போன்ற பகுதிகளில் நைட்ரேட் மிகுந்திருந்தும் மிதவை உயிரிகள் பெருகாமல் இருப்பதற்கு இரும்புக் குறைபாடே காரணம் என்று அமெரிக்கக் கடலியலாளர் ஜான் மார்ட்டின் 1980களின் பிற்பகுதியில் வாதிட்டார். அரைக் கப்பல் இரும்பு கொடுத்தால் ஒரு பனியுகத்தைத் தருகிறேன் என்று 1988இல் அவர் சொன்னது இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. 1993 முதல் 2009 வரை ஒரு டஜனுக்கும் மேற்பட்ட கடல் சோதனைகள் நடந்தன. இரும்பைத் தூவினால் நுண்பாசி பெருகும் என்ற அளவில் அவர் கூற்று உறுதியானது. பெருகியது மூழ்கியதா என்பதில்தான் விடை இடத்துக்கிடம் மாறியது. 2004இல் தெற்குப் பெருங்கடலில் நடந்த ஒரு சோதனையில், பெருகிய டயாட்டம் என்னும் சிலிக்கா ஓடுடைய நுண்பாசிகளில் பாதிக்கு மேல் 1,000 மீட்டருக்குக் கீழே இறங்கியதாகக் கண்டார்கள். 2009இல் இந்தியாவின் தேசியக் கடலியல் நிறுவனமும் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வேகனர் நிறுவனமும் சேர்ந்து நடத்திய லோஹாஃபெக்ஸ் சோதனையில், சுமார் 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் இரும்பைத் தூவியபோது நடந்தது வேறு. அந்த நீரில் சிலிக்கா தீர்ந்திருந்ததால், கண்ணாடி போன்ற ஓடு கட்டி, கனத்து மூழ்கும் டயாட்டம்களால் வளர முடியவில்லை; வளர்ந்த மென்மையான சிறு பாசிகளைக் கோப்பிபாட் என்னும் இறாலின நுண்விலங்குகள் மேய்ந்து தீர்த்தன; அவற்றைத் தின்னப் பெரிய ஓட்டுடலிகள் கூடின. ஆழத்துக்குப் போன கார்பன் மிகச் சொற்பம். இரும்பைக் குறை என்று கண்டு அதைச் சேர்த்தால், அடுத்த குறை எது என்பதை அந்த நீர்ப்பரப்பே தீர்மானிக்கிறது. அந்தப் பயணத்தின் ஆய்வாளர்கள் எதிர்பார்ப்புக்கு மாறான முடிவை மறைக்காமல் வெளியிட்டார்கள். அவர்கள் மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு.

இதையே வணிகமாகச் செய்ய முற்படுகையில்தான் அச்சம் எழுகிறது. 2012இல் கனடாவின் மேற்குக் கரைக்கு அப்பால் சுமார் 100 டன் இரும்புச் சேர்மம் ஆய்வு அனுமதி எதுவுமின்றிக் கடலில் கொட்டப்பட்டது. கடலில் கழிவு கொட்டுவதைக் கட்டுப்படுத்தும் லண்டன் உடன்படிக்கையின் உறுப்பு நாடுகள், முறையான அறிவியல் ஆய்வைத் தவிர வேறு எதற்காகவும் கடலுக்கு உரமிடக் கூடாது என்று 2008இலேயே தீர்மானித்திருந்தன. 2013இல் அதைக் கட்டுப்படுத்தும் சட்டத்திருத்தத்தையும் ஏற்றன. ஆனால் அது நடைமுறைக்கு வரத் தேவையான எண்ணிக்கையில் நாடுகள் இன்னும் ஒப்புதல் தரவில்லை. ஓரிடத்தில் இரும்பிட்டு நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் செலவழித்தால், அந்த நீர் பின்னர் ஓடிச்சேரும் தொலைதூரக் கடலில் அவை இல்லாமல் போகும். அங்கே மீன்பிடித்து வாழ்பவர்களை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

கடற்பாசி பற்றிய நம்பிக்கைக்கு ஓரளவு அடிப்படை இருக்கிறது. பாறையில் ஒட்டி வளரும் இவை சேற்றில் வேர்விடுவதில்லை என்பதால் நீண்டகாலம் இவற்றைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. கிழிந்து மிதந்து ஆழ்கடலுக்குப் போகும் துண்டுகள் மூலம் ஆண்டுக்குச் சுமார் 17 கோடி டன் கார்பன் நிலைபெறலாம் என்று 2016இல் வெளிவந்த மதிப்பீட்டுக்குப் பிறகே பார்வை மாறியது. அதற்காகப் பண்ணைப் பாசியை வேண்டுமென்றே ஆழத்தில் மூழ்கடிக்கலாம் என்பது அவசரமான பாய்ச்சல். பாசி தின்னும் ஊட்டச்சத்தை மிதவை உயிரிகள் இழக்கின்றன. பாசியின் மேல் ஒட்டி வளரும் சுண்ணாம்பு உயிர்கள் தம் பங்குக்குக் கரியமில வாயுவை வெளியிடுகின்றன. 2011 முதல் அட்லாண்டிக்கில் பெருகிவரும் சர்காசம் பாசியை, 2018இல் மட்டும் 2 கோடி டன்னுக்கும் மேல் மிதந்த அதை, இயற்கையே நடத்திய சோதனையாகக் கொண்டு ஆராய்ந்தவர்கள், இந்த இரு காரணங்களாலேயே எதிர்பார்க்கும் பலன் 20 முதல் 100 விழுக்காடு வரை குறையக்கூடும் என்றார்கள். இன்னொரு நுட்பமான சிக்கலும் உண்டு. பாசி வாயுவை எடுப்பது நீரிலிருந்து. அந்த நீர் தான் இழந்ததைக் காற்றிலிருந்து நிரப்பிக்கொள்ளப் பல மாதங்கள், சில இடங்களில் ஓராண்டுக்கும் மேல் ஆகும். அதற்குள் அது கீழே அமிழ்ந்துவிட்டால் காற்றில் எந்தக் குறைவும் நேராது. பண்ணையில் அறுவடை எடையைக் காட்டி இத்தனை டன் அகற்றிவிட்டோம் என்று விற்பவர்கள், காற்றை அளந்து சொல்லவில்லை. மூழ்கிய பாசி சிதையும்போது ஆழ்கடல் உயிர்களின் ஆக்சிஜனையும் செலவழிக்கும். அந்த உயிர்களைப் பற்றி நமக்குத் தெரிந்தது மிகக் குறைவு.

சிப்பி ஓடும் பவளப்பாறையும் கார்பன் சேமிப்பு என்று தங்கள் கட்டுரை ஓரிடத்தில் போகிற போக்கில் சொன்னதையும் திருத்த வேண்டும். கடல்நீரிலுள்ள பைகார்பனேட்டைக் கொண்டு சுண்ணாம்பு உருவாகும்போது, அதன் ஒரு பகுதி ஓடாகிறது, மறுபகுதி கரியமில வாயுவாக நீரில் விடுபடுகிறது. பவளப்பாறைகளைக் காக்க எத்தனையோ வலுவான காரணங்கள் இருக்கின்றன; கார்பன் அகற்றல் அவற்றுள் ஒன்றாகாது.

இத்தனையும் எழுதக் காரணம், கார்பன் வரவுச் சந்தையில் இவை எல்லாம் டன் கணக்கில் ஒரே விலைப்பட்டியலில் இடம்பெறத் தொடங்கியிருப்பதுதான். நிலத்தடியில் பல கோடி ஆண்டுகள் உறைந்திருந்த நிலக்கரியை எரித்து வந்த ஒரு டன்னும், அடுத்த வெப்ப அலையில் திரும்ப வெளியேறக்கூடிய கடற்புல் சேற்றில் தங்கியிருக்கும் ஒரு டன்னும் ஈடாக மாட்டா. கடல் சூடேறுவதற்குக் காரணமான வெளியீட்டைத் தொடர்வதற்கு உரிமச்சீட்டாகவே கடற்புல்லைப் பயன்படுத்தினால், அந்தக் கடற்புல்லே முதலில் மடியும். ஷார்க் விரிகுடா காட்டியது அதைத்தான். அலையாத்திக்கும் கடற்புல்லுக்கும் அரசுகள் தாராளமாகச் செலவிடட்டும். நாடுகளின் வெளியீட்டுக் கணக்கில் கடலோர ஈரநிலங்களைச் சேர்க்கும் வழிமுறை 2013 முதலே இருக்கிறது, அதைப் பின்பற்றட்டும். எரிபொருளைக் குறைக்கும் கடமையைக் கழித்துக்கொள்ள மட்டும் இதைக் காட்ட வேண்டாம்.

தங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. இத்தனை லட்சம் அலையாத்திக் கன்றுகள் நடப்பட்டன என்ற செய்தி வரும்போதெல்லாம், அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது, ஓதநீர் மட்டம் அளக்கப்பட்டதா, மேய்ப்பவர்களும் மீனவர்களும் ஒப்பினார்களா என்று தங்கள் செய்தியாளர்கள் கேட்டு எழுத வேண்டும். மூன்றாம் ஆண்டிலும் பத்தாம் ஆண்டிலும் அதே இடத்துக்கு மீண்டும் சென்று, எத்தனை செடிகள் நிற்கின்றன என்ற எண்ணை, நடவு விழாப் படத்துக்குக் கொடுத்த அதே பக்கத்தில், அதே அளவில் வெளியிட வேண்டும். கடலில் கார்பனை அகற்றிவிட்டதாக ஒரு நிறுவனம் அறிவித்தால், அந்த அளவீட்டைச் சரிபார்த்தது யார், மூலத் தரவு பொதுமக்கள் பார்வைக்கு உண்டா, அந்தக் கார்பன் எத்தனை ஆண்டுகள் தங்கும் என்று உறுதி தரப்பட்டிருக்கிறது, தங்காமல் போனால் பொறுப்பு யாருடையது என்பவற்றைக் கேட்டு, விடை வராவிட்டால் விடை வரவில்லை என்றே அச்சிட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்